வயலில் உழைத்த கால்களுக்கும் பயிற்சி வேண்டும்

வன்னியில் அறுபதைக் கடந்த ஒருவரிடம் உடற்பயிற்சியைப் பற்றிக் கதைத்தால், "நாங்கள் வயலில் செய்யாத பயிற்சியா?" என்ற கேள்விதான் பெரும்பாலும் பதிலாக வரும். மண்வெட்டி பிடித்து வரம்பு கட்டியவர்களும், நெல் மூட்டை சுமந்தவர்களும், இடம்பெயர்ந்த நாட்களில் பிள்ளைகளையும் சாமான்களையும் தூக்கிக்கொண்டு நடந்தவர்களும் அப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் நாற்பது வயதில் பட்ட பாடு எழுபது வயதுக் கால்களைத் தாங்கிக்கொண்டே இருப்பதில்லை. அதற்குக் காரணம் தசையில் மட்டுமல்ல, தசையை இயக்கும் நரம்பிலும் இருக்கிறது.

முள்ளந்தண்டு வடத்திலுள்ள ஓர் இயக்க நரம்புக் கலமும் அதன் கிளைகள் சென்றடையும் தசை நார்களும் சேர்ந்ததே ஓர் இயக்க அலகு. முதுமையில் இக்கலங்களில் ஒரு பகுதி அழிந்துபோகிறது. ஒரு வாய்க்கால் தூர்ந்துபோனால் பக்கத்து வாய்க்காலை வெட்டிவிட்டு அந்த வயலுக்கும் தண்ணீர் பாய்ச்சுவதைப் போல, தொடர்பிழந்த நார்களுக்கு அயலிலுள்ள நரம்பு புதிய கிளை விடுகிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. எந்த நரம்பும் வந்து சேராத நார்கள் மெலிந்து மறைந்துவிடுகின்றன. இந்த மெலிவு விரைவாகச் சுருங்கும் நார்களிலேயே அதிகம். கால் இடறும்போது சட்டென்று மற்றக் காலை முன்வைத்து விழாமல் தப்புவதற்கு வேண்டியவை அந்த நார்களே.

அவற்றை ஆளும் பெரிய நரம்புக் கலங்கள், வேலை கடினமாகும்போதோ வேகம் தேவைப்படும்போதோதான் தொழிற்படத் தொடங்குகின்றன. ஆகவே மாலையில் குளக்கட்டில் ஆறுதலாக நடப்பது இதயத்துக்கு நல்லது என்றாலும், அது மட்டும் போதாது.

1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், 86 முதல் 96 வயது வரையான, உடல் தளர்ந்த பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கடுமையான பாரப் பயிற்சி கொடுத்தார்கள். முழங்காலை நீட்டும் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்போ 9 சதவீதம் அளவிலேயே கூடியது. சிறிய ஆய்வுதான், ஆயினும் 1994இல் நூறு பேருடன் நடந்த பெரிய ஆய்விலும் பலம் இருமடங்குக்கு மேலானது. தசை சிறிதளவே பருக்கப் பலம் இவ்வளவு கூடுவதற்கு, இருக்கின்ற தசையை நரம்பு முன்னிலும் முழுமையாக ஏவப் பழகுவதே பெருமளவு காரணம்.

இதற்கு ஜிம் தேவையில்லை. கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர்ந்து பாருங்கள். 12 செக்கன் அல்லது அதற்கு மேல் பிடித்தால் அது உடல் இயக்கத் திறன் குறைந்ததன் அறிகுறி என்று ஆசிய நிபுணர் குழு 2019இல் வரையறுத்தது. அதே எழுந்தமர்தலே முதற் பயிற்சியும் ஆகும். எழும்போது சற்று வேகமாகவும் இருக்கும்போது மெதுவாகவும் செய்ய வேண்டும். இலகுவாகிவிட்டால் மண் நிரப்பிய போத்தல்களைக் கையில் பிடித்துக்கொள்ளலாம். கடைசி இரண்டு மூன்று தடவைகள் கடினமாக இருக்க வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது, கிழமையில் இரண்டு நாளாவது செய்ய வேண்டும்.

"இருங்கோ அம்மா, நான் எடுத்துத் தாறன்" என்று அன்போடு சொல்லும் பிள்ளைகள், அந்த அம்மாவுக்கு நாளாந்தம் கிடைக்கும் கொஞ்சப் பயிற்சியையும் பறித்துவிடுகிறார்கள் என்பதே என் எண்ணம். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் சாய்மனைக் கதிரையையும் நான் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பேன்.

இருதய வருத்தமோ கட்டுப்படாத பிறசரோ உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் கேட்க வேண்டும். போரில் காயமடைந்தவர்களின் நிலை வேறு. ஷெல் துண்டால் அறுபட்ட நரம்பை இந்தப் பயிற்சி ஒட்டவைக்காது. ஆனால் ஒரு கால் இழந்தவரின் மற்றக் கால் இரட்டைச் சுமையை ஏற்றுக்கொண்டே மூப்படைகிறது என்பதால், இயன்மருத்துவரின் வழிகாட்டலோடு பலப் பயிற்சியை அவர்களுக்கே மற்றவர்களை விட முந்தித் தொடங்க வேண்டும்.