கார்லைல் பள்ளிப் பிள்ளைகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 'இந்தியர்' என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளுக்காக 1879 முதல் 1918 வரை நடந்த கார்லைல் உறைவிடப் பள்ளியின் பழைய மாணவர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனம் ஆறவே மாட்டேன் என்கிறது.

லக்கோட்டா இனச் சிறுவன் ஓட்டா க்டே முதல் ஆண்டிலேயே அங்கே வந்தவன். கரும்பலகையில் வெள்ளைக்காரப் பெயர்களை எழுதிவைத்து, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, ஒன்றைத் தொடச் சொன்னார்கள். அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. தொட்டான். அன்று முதல் அவன் லூதர். அந்தப் பெயரை வெள்ளைத் துணிப்பட்டையில் எழுதிச் சட்டையின் முதுகில் தைத்துவிட்டார்கள். முடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசத் தடை போட்டார்கள். "அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்று" என்று பள்ளியை நிறுவிய பிராட் 1892இல் மேடையிலேயே சொன்னார்!

லூதர் ஸ்டாண்டிங் பேர் வளர்ந்து, அதே ஆங்கிலத்தில் தன் மக்களின் வாழ்க்கையைப் புத்தகங்களாக எழுதினார். அங்கே படித்த இன்னொருவர், தடகள வீரர் ஜிம் தோர்ப், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். மறு ஆண்டே அவற்றைப் பறித்தார்கள். அவரே தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு மீண்டும் ஏற்றது 2022இல்தான். அவர் இறந்ததோ 1953இல்.

புகழ்பெற்றவர்களை எப்படியும் நினைவில் வைத்துக்கொள்வோம். காசநோயிலும் மற்ற நோய்களிலும் அங்கேயே இறந்து புதைக்கப்பட்ட பிள்ளைகளை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. கட்டட வேலைக்காக 1927இல் அந்தக் கல்லறைகளையும் இடம் மாற்றினார்கள். உறவினர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் போராடிய பிறகு, அந்த இடத்தை வைத்திருக்கும் அமெரிக்க ராணுவம் 2017 முதல் எலும்புகளைத் தோண்டித் திருப்பித் தருகிறது. 2021 ஜூலையில் ஒன்பது பிள்ளைகள் தெற்கு டகோட்டாவின் ரோஸ்பட் பழங்குடி மண்ணுக்குத் திரும்பினார்கள். இன்னும் பலர் கார்லைலிலேயே இருக்கிறார்கள். சில கற்களில் 'பெயர் தெரியாதவர்' என்று மட்டுமே பொறித்திருக்கிறது.