கம்பளி நூலில் ஒரு குதிரைப்படை வம்சாவளி

நீலகிரியின் வெலிங்டனில் குடியிருப்பவர்களுக்குப் பட்டாளம் என்றால் மெட்ராஸ் ரெஜிமெண்ட், அதாவது காலாட்படை. மதராஸ் மாகாணத்துக்குக் குதிரைப்படையும் இருந்தது, அதன் வாரிசுகள் இன்று டாங்கிகளுடன் இருக்கின்றன என்பதை நான் தாமதமாகத்தான் அறிந்தேன். அறிந்த கையோடு, அந்த ரெஜிமெண்டுகளின் வம்சாவளியை முன்னறைச் சுவரில் ஒரு படமாகச் செய்துவிடுவது என்று ஜூன் தொடக்கத்தில் இறங்கினேன். நான்கடிக்கு மூன்றடி தெர்மாகோல் பலகை, அதன்மேல் வெள்ளை சார்ட் தாள், குண்டூசிகள், வீட்டில் ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய கம்பளி நூல் ஆகியவையே பொருள்கள். ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ஒரு நிறம். பெயர் மாறும் ஆண்டுதோறும் ஓர் ஊசி.

சிவப்பு நூலை 16ஆம் லைட் கேவல்ரிக்கு, அதாவது இலகு குதிரைப்படைக்கு, ஒதுக்கினேன். 1776இல் ஆற்காட்டு நவாபின் சேவையில் மூன்றாம் குதிரைப்படை ரெஜிமெண்டாகத் தொடங்கி, 1784இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்து, 1886இல் இரண்டாம் மெட்ராஸ் லான்சர்ஸ் (ஈட்டி ஏந்திய குதிரைப்படை) என்றாகி, 1903இல் 27 என்றும் 1922இல் 16 என்றும் எண் மாறிய ரெஜிமெண்ட் அது. 1945இல் பர்மாவில் கவச வண்டிகளுடன் போரிட்டது. இந்த நூல் அதிகம் படுத்தவில்லை. ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது.

1903ஆம் ஆண்டுதான் படத்தின் இடுப்பு. மாகாணவாரியாக இருந்த எண்களை அப்போதைய இந்தியத் தலைமைத் தளபதி கிச்சனர் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தபோது, வங்காளம், ஹைதராபாத், பஞ்சாப் ஆகிய இடங்களின் ரெஜிமெண்டுகள் 25 வரையிலான எண்களை எடுத்துக்கொண்டன. அதிலும் 24 என்ற எண்ணுக்கு ஆளே இல்லை. எனவே மெட்ராஸ் லான்சர்ஸ் 1, 2, 3 முறையே 26, 27, 28 ஆயின. பழைய எண்ணுடன் 25ஐக் கூட்டினால் போதும் என்று கண்டுகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வீட்டில் எவரும் பகிர்ந்துகொள்ளவில்லை. 1922இல் இந்தச் சௌகரியமும் போயிற்று. 39 குதிரைப்படை ரெஜிமெண்டுகளை 21 ஆகச் சுருக்கியபோது பெரும்பாலானவை இரண்டிரண்டாக இணைக்கப்பட்டன. 27உம் 28உம் இணையாமல் தப்பின. ஆனால் 28க்குக் கிடைத்த புதிய எண் 7.

நான் சறுக்கிய இடம் இந்த 7. 1803இல் மராத்தியருக்கு எதிரான அசாயே போரில் ஆர்தர் வெல்லஸ்லியின் கீழ் மெட்ராஸ் குதிரைப்படையின் 4, 5, 7ஆம் ரெஜிமெண்டுகள் போரிட்டன. வெல்லஸ்லி பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆனவர், எங்கள் ஊர்ப் பெயரே அவருடையது. ஆகவே அந்த ஊசியைச் சற்று ஆசையாகவே குத்தினேன். மறுபுறம், 1948 நவம்பர் 1ஆம் தேதி, பதினோராயிரம் அடிக்கும் மேற்பட்ட, காஷ்மீர்-லடாக் வழியிலுள்ள சோஜி லா கணவாயில் ஸ்டுவர்ட் டாங்கிகளை ஏற்றிக் காட்டியது 7ஆம் லைட் கேவல்ரி. டாங்கிகள் வருவது எதிரிக்குத் தெரியாதிருக்க, பீரங்கிக் கூண்டுகளைக் கழற்றித் தனியே கொண்டுசென்றார்களாம். இரண்டுக்கும் எண் ஒன்றே என்ற பூரிப்பில் நீல நூலை நேராக இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டில் இருக்கும், மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஓய்வுபெற்ற சுபேதார் தேநீருக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, எங்க ரெஜிமெண்ட்லயே இப்ப ஒன்னாவது பட்டாலியன் கிடையாது. அது மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரிக்குப் போயிருச்சு. நீங்க எண்ணைப் பிடிச்சுக்கிட்டுப் போனா அதையும் காணோம்னுதான் எழுதுவீங்க” என்றார். அன்றிரவே ஆண்டுகளை மறுபடி ஒப்பிட்டேன். அசாயேயின் 7 பின்னாளில் கலைக்கப்பட்ட வேறொரு ரெஜிமெண்ட். சோஜி லாவின் 7, 1784இல் திரட்டப்பட்டு, மூன்றாம் மெட்ராஸ் என்ற பெயரில் நெடுங்காலம் இருந்தது. நூலைப் பிரித்தேன். சார்ட் தாளில் ஊசித் துளைகள் மட்டும் நின்றுவிட்டன, அவற்றை மறைக்கவில்லை.

அடுத்த தொல்லை மழையால் வந்தது. ஜூலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே இறங்கியதும், கம்பளி நூல் ஈரம் குடித்துத் தொய்ந்து, சிவப்புக் கோடு ஓர் இடத்தில் நீலத்தின் ஊசிமேல் போய் அமர்ந்துகொண்டது. புதிதாகப் பார்ப்பவர் இரண்டும் இணைந்துவிட்டதாகவே நினைப்பார். குண்டூசிகளைச் சுற்றிப் பழுப்பு வளையமாகத் துரு வேறு. இப்போது பித்தளைத் தலை ஊசிகளும் இரட்டையாக முறுக்கிய தையல் நூலும் பயன்படுத்துகிறேன். அழகு குறைவு, ஆனால் விறைப்பாக நிற்கிறது.

மிச்சம் இருப்பது 8ஆம் லைட் கேவல்ரி. 26உம் 30உம் 1922இல் இணைந்து உருவானது அது. 26 மெட்ராஸின் பிள்ளை. 30 ஹைதராபாத் கன்டிஞ்சென்ட், அதாவது நிஜாம் ராஜ்யத்துக்கென இருந்த படை, வழி வந்தது. அந்த வழியைக் காட்டாமல் இரண்டு நூல்களை முறுக்கி ஒன்றாக்கினால் படம் பொய் சொல்லும். காட்டுவதற்கோ பலகையில் இடமில்லை. வலப்புறம் ஓரடி அகலத்தில் இன்னொரு துண்டு தெர்மாகோல் ஒட்ட வேண்டும். அதற்குச் சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியை நகர்த்தச் சொல்லி வீட்டில் கேட்டிருக்கிறேன்.