பழைய மெட்டுதானே என்று நினைத்து மாட்டிக்கொண்டேன்

அமெரிக்க நாட்டுப்புறத் தந்தி இசையான புளூகிராஸில் என் முதல் கிட்டார் ஆல்பம் ஒருவழியாக சிடியாக வந்துவிட்டது. பதிவு மூன்றே நாள்தான், ஐந்து பேரும் ஒரே அறையில் நின்று வாசித்து முடித்தோம். என்னை அலைக்கழித்தது, அடுத்தவர் மெட்டை வாசித்து வெளியிட வாங்கவேண்டிய லைசென்ஸ் காகிதம்.

சும்மா கூடி வாசிக்கும் புளூகிராஸ் ஜாம்களில் யார் மெட்டு என்று யாரும் கேட்பதில்லை, எல்லாம் காதுவழியாக வருவதுதான். அந்தப் பழக்கத்தில் நிஜமாகவே பழைய மெட்டான ‘சோல்ஜர்ஸ் ஜாய்’ பக்கத்திலேயே ‘அஷோகன் ஃபேர்வெல்’லையும் ‘டிரெடிஷனல்’, அதாவது யாருக்கும் உரிமையில்லாத பழைய மெட்டு, என்று எழுதி அனுப்பிவிட்டேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி 1990இல் வந்த டிவி ஆவணத் தொடரில் அதைக் கேட்டுக் கேட்டு, போர்க்கால மெட்டு என்றே மனதில் பதிந்திருந்தது. சிடி அடிப்பவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஜே அங்கர் 1982இல் போட்ட வால்ட்ஸ் அது, என்னைவிட வயதில் சின்னது! சரி, மிச்சத்தையும் பார்ப்போம் என்று தேடினால் ‘ஆரஞ்சு பிளாசம் ஸ்பெஷல்’லுக்கும் உரிமை இருக்கிறது.

ஏற்கெனவே வெளியான பாட்டு என்பதால் அமெரிக்கச் சட்டப்படி கட்டணம் கட்டினால் போதும், மறுக்க முடியாது. 2024இல் ஒரு பாட்டுக்கு, ஒரு பிரதிக்கு 12.4 சென்ட், ஆயிரம் சிடிக்கு 124 டாலர். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் நிமிடக் கணக்கு, ஒரு நொடி கூடினாலும் முழு நிமிடமாக எடுத்துக்கொள்வார்கள். என் வால்ட்ஸ் 5:04. கடைசி ஸ்ட்ரிங் ஓசை அடங்குவதைக் கொஞ்சம் முன்னாலேயே மங்கவைத்து 4:58 ஆக்கினோம், இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

லைசென்ஸ் வாங்கித்தரும் ஏஜென்சிதான் படுத்தியது. மூன்று மெயிலுக்கும் அதே ஆயத்தப் பதில். போனில் பிடித்தபோதுதான் தெரிந்தது, லேபிள் பெயர்க் கட்டத்தை நான் காலியாக விட்டதால் விண்ணப்பம் நகரவே இல்லையாம். சொந்தமாக வெளியிடுபவர் தன் பெயரையே அதில் போட வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்ல அவர்களுக்குப் பதினேழு நாள். அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்குக்கு மட்டும் இந்தத் தலைவலி இல்லை, 2021 முதல் அதை மொத்த லைசென்ஸில் தளங்களே பார்த்துக்கொள்கின்றன. சிடி அடிப்பதாக இருந்தால் பதிவுக்கு முன்பே ஒவ்வொரு மெட்டுக்கும் ஆள் யாரென்று பார்த்துவிடுங்கள்.

செப்டம்பரில் ராலே நகரத்தில் நடந்த புளூகிராஸ் விழாவுக்கு சிடி இல்லாமல் வெறும் கையோடு போய் நின்றேன். அப்புறம் அடுத்த வருடம் விழாவே வேறு ஊரான சட்டனூகாவுக்குப் போய்விட்டது. சிடி பெட்டி நான் ராலே போய்வந்த மறுமாதம், அக்டோபர் நடுவில் வந்து சேர்ந்தது. பின்னட்டையில் அங்கர் பெயர் சரியாக இருக்கிறது, என் பெயரில்தான் ஓர் எழுத்தைக் காணோம்.