வெள்ளவத்தை வானமும் நீலப் புத்தகமும்

கடந்த வாரம் மாலை ஏழு மணியளவில், வெள்ளவத்தையிலுள்ள எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் உடுப்பு எடுக்கச் சென்ற மனைவி, கடலுக்கு மேலே பெரிய வெளிச்சமொன்று அசையாமல் நிற்பதாகச் சொல்லி எங்களை அழைத்தார். மகன் அதைப் பறக்கும் தட்டு என்றான். கீழ்வீட்டு மாமி ட்ரோன் என்று உறுதியாகச் சொன்னார். அது வெள்ளிக் கோள்.

இதே வெள்ளியின் பெயர் ஒரு மரண விசாரணையிலும் அடிபட்டது. 1948 ஜனவரி 7ஆம் திகதி, அமெரிக்காவின் கென்டக்கி மாநில வானில் பளபளத்த ஏதோவொன்றைத் துரத்திச் சென்ற விமானி தோமஸ் மென்டல், போதிய ஒட்சிசன் வசதியின்றி மிக உயரத்துக்கு ஏறியதால் நினைவிழந்து, விமானத்தோடு விழுந்து இறந்தார். அவர் வெள்ளியைத்தான் கண்டிருக்கிறார் என்று முதலில் விளக்கம் சொல்லப்பட்டது. பட்டப்பகலில் வெள்ளியைக் கண்டுபிடிப்பதே கடினம் என்பதால், அந்த விளக்கம் எவரையும் திருப்திப்படுத்தவில்லை. ஆராய்ச்சிக்காக அமெரிக்கக் கடற்படை இரகசியமாகப் பறக்கவிட்ட ஸ்கைஹூக் என்ற இராட்சத பலூனாகவே அது இருந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஒரு படையின் இரகசியத்தை அறியாமல் இன்னொரு படை விசாரணை நடத்தினால் வேறென்ன நடக்கும்?

வானில் கண்ட இனந்தெரியாத பொருட்கள் பற்றி வரும் முறைப்பாடுகளை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் விசாரணை முதலில் 'சைன்' என்றும், 1949இல் 'கிரட்ஜ்' என்றும், 1952 முதல் 'புளூ புக்' என்றும் பெயர் மாறியது. கடைசிப் பெயர், பல்கலைக்கழகப் பரீட்சைகளில் விடையெழுதத் தரப்படும் நீலநிறப் புத்தகத்திலிருந்து வந்தது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் ரப்பெல்ட் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, கண்டவர்களிடம் கேட்பதற்கு ஒரே மாதிரியான வினாக்கொத்தைக் கொண்டுவந்ததுதான். எந்தத் திசையில், எவ்வளவு நேரம் தெரிந்தது, கையை நீட்டிப் பிடித்த பட்டாணியளவா நாணயமளவா என்பன போன்ற சாதாரணக் கேள்விகள், 'என்ன கண்டீர்கள்' என்ற ஒற்றைக் கேள்வியைவிட எவ்வளவோ பயனுள்ளவை.

ஆனால் 1953 ஜனவரியில் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. கூட்டிய விஞ்ஞானிகளின் ரொபர்ட்சன் குழு, முறைப்பாடுகள் குவிந்து பாதுகாப்புத் தொடர்புகளை முடக்கிவிடும் என்று அஞ்சி, இந்த விடயத்தில் மக்களுக்குள்ள ஆர்வத்தைத் தணிக்கும்படி பரிந்துரைத்தது. விசாரணை அன்றைக்கே பாதி செத்துவிட்டது என்பது என் எண்ணம். 1966இல் மிச்சிகனில் தெரிந்த வெளிச்சங்கள் சதுப்பு நிலத்து வாயுவாக இருக்கலாம் என்று விமானப்படையின் ஆலோசகரான வானியலாளர் ஆலன் ஹைனெக் சொன்னபோது நாடே சிரித்தது. இவற்றை மேலும் ஆராய்வதால் அறிவியலுக்குப் பெரிய பயனில்லை என்ற கொலராடோ பல்கலைக்கழகத்தின் கொண்டன் அறிக்கைக்குப் பின்னர், 1969 டிசம்பரில் புளூ புக் மூடப்பட்டது. மொத்தம் 12,618 முறைப்பாடுகள். அவற்றுள் 701 இனங்காணப்படாதவை. அந்த 701ஐ வேற்றுக்கிரகவாசிகளின் கணக்கில் எழுதுவோர் பலர். விளக்கம் கிடைக்காத கோப்பு என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது.

ரப்பெல்ட்டின் வழியில், மகனைக் கையை நீட்டி முட்டியால் அளக்கச் சொன்னேன். ஏழு மணிக்கு வெளிச்சம் கடலுக்கு மேலே இரண்டு முட்டி உயரத்தில் இருந்தது. எட்டு மணிக்கு ஒரு முட்டிகூட இல்லை; சூரியனைப் போலவே கோளும் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கொப்பியில் எழுதி மாமியிடம் காட்டினான். அவ்வளவு நேரம் பற்றரி நிற்கும் ட்ரோனும் இருக்கும்தானே என்றார் மாமி.