ஃப்ளாப்ஹவுஸ்னா என்னன்னு தெரியுமா

அமெரிக்காவுல ஃப்ளாப்ஹவுஸ், லண்டன்ல டாஸ் ஹவுஸ், ரெண்டும் ஒண்ணுதான், கையில சில்லறை மட்டும் இருக்கறவன் ராத்திரி தொப்புனு விழுந்து கிடக்கற இடம். நியூயார்க் பவரி தெருவுல இருந்ததெல்லாம் ரூம்னே சொல்ல முடியாது, ஒரு கட்டில் போட்டா முடிஞ்சுது, பலகைத் தடுப்பு கூரை வரைக்கும் போகாது, பக்கத்து ஆள் ஏறிக் குதிச்சு ஷூவைக்கூட அடிச்சுட்டுப் போயிடுவான்னு மேல கம்பிவலை வேற, பாத்தா கோழிக்கூண்டேதான். காத்து, வெளிச்சம், அடுத்தவன் இருமல் எல்லாம் அந்த வலை வழியாத்தான்.

பிரிட்டன்ல இந்த விடுதிங்களைப் பதிவு பண்ணணும், ஆய்வு பண்ணணும்னு 1851லயே சட்டம் வந்துடுச்சு. அதுக்கப்புறமும் லண்டன்ல சால்வேஷன் ஆர்மிங்கற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்தின இடத்துல ஒரு பென்னி குடுத்தா பெஞ்சுல உக்காரலாம், படுக்கக் கூடாது (என்ன கணக்கோ!), நாலு பென்னி குடுத்தா சவப்பெட்டி சைஸ்ல ஒரு மரப்பெட்டி, போத்திக்க தார்ப்பாய், அதுக்கும் அங்க கூட்டம்தான்.