சாமியாரை ஜப்பானியரிடம் எப்படி அறிமுகப்படுத்துவது?

மணப்பாட்டுக்காரர்களுக்குச் சவேரியாரைத் தெரியாமல் இருக்காது. எங்கள் கடற்கரையில் ஞானஸ்நானம் கொடுத்துத் திரிந்தவர், 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கினார். இப்போது எங்கள் குடும்பம் இருப்பதும் ககோஷிமாவில்தான். இங்கே அவர் பெயரில் ஒரு பூங்கா, அதற்கு எதிரே பேராலயம்.

என் தாய்மாமா குருவானவர். அவருடைய சபை அவரை ஜப்பானுக்கு அனுப்பியது; மொழி படிக்கப் போகுமுன் சில வாரம் எங்களோடு தங்கினார். பக்கத்து வீட்டு ஒபாசான் (வயதான அம்மா) மரியாதையாகக் கேட்டார்: "மாமா என்ன வேலை பார்க்கிறார்?" ஊரில் என்றால் 'சாமி' என்று சொன்னால் போதும்.

அகராதியில் செங்க்யோஷி, தெந்தோஷி, ஃபுக்யோஷி எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்: மதத்தைப் பரப்புபவர். பேச்சு வழக்கில் அப்படி இல்லை. செங்க்யோஷி என்றால் பெரும்பாலும் வேற்று நாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவ மிஷனரி. தெந்தோஷி பெரும்பாலும் புரோட்டஸ்டன்ட் ஊழியர். ஃபுக்யோஷி என்றதும் பௌத்தமோ, தென்ரிக்யோ என்ற ஜப்பானியப் புது மதமோ நினைவுக்கு வரும். குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கர் ஷிம்பு. புரோட்டஸ்டன்ட் பாஸ்டர் பொகுஷி.

குடிவரவுச் சட்டமோ இப்படிப்பட்டவரை 'ஷூக்யோகா' (மதப் பணியாளர்) என்கிறது, அவர் செய்வதை 'ஃபுக்யோ' (மதம் பரப்புதல்) என்கிறது. மாமாவின் வசிப்பிட அட்டையிலும் 'ஷூக்யோ', அதாவது மதம் என்றுதான் அச்சாகியிருந்தது. அந்தச் சொற்களை அலுவலகத்தோடு விட்டுவிடுவது நல்லது. எங்கள் குடியிருப்பின் தபால் பெட்டிகளுக்கு மேலேயே 'மதப் பிரசாரத்துக்கு வருபவர்களுக்கு அனுமதியில்லை' என்று ஒட்டியிருக்கிறார்கள். 1995-இல் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழு டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு விட்டதையும், 2022-இல் முன்னாள் பிரதமர் அபே சுட்டுக்கொல்லப்பட்டபின் எழுந்த மதக்குழு விவகாரத்தையும் பார்த்தவர்கள் 'மதம்' என்றாலே ஒதுங்குவதில் தப்பில்லை.

ஆகவே, "கத்தோலிக்க ஷிம்பு-சான், இந்தியாவிலிருந்து செங்க்யோஷியாக வந்திருக்கிறார்" என்றேன். ஒபாசான் முகம் மலர்ந்துவிட்டது. அவர் தங்கை படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பாலர் பள்ளியிலாம்.

சவேரியாருக்கு இதைவிடப் பெரிய சங்கடம். கோவாவில் ஞானஸ்நானம் பெற்ற ககோஷிமாக்காரர் அஞ்சிரோவின் யோசனைப்படி கடவுளை முதலில் 'தைநிச்சி' என்றார். அது ஷிங்கோன் பௌத்தர் வணங்கும் புத்தரின் பெயர். பிக்குகள் மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள், தங்கள் போதனையையே சொல்கிறார் என்று. யமகுச்சி நகரில் விஷயம் புரிந்ததும் அதை விட்டுவிட்டு 'தேவுசு' என்று லத்தீன் சொல்லையே வைத்துக்கொண்டார். குருக்களை அக்காலத்தில் 'பாதெரேன்' என்பார்கள். நம் பாதிரியும் அதுவும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தவை. 1587-இல் அன்றைய ஆட்சியாளர் ஹிதெயோஷி போட்ட நாடுகடத்தல் ஆணையின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது. இன்று யாரையும் அப்படி அழைக்க முடியாது.

இங்கே வரப்போகும் நம் குருக்களுக்கும் சிஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வந்ததும் மெய்ஷி (பெயர் அட்டை) அச்சடித்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் கோவிலின் பெயர் இருக்கட்டும், அடுத்து 'கத்தோலிக்க ஷிசாய்'; எழுத்தில் குருவானவருக்கு அதுதான் முறை. சிஸ்டர்கள் 'ஷூதோஜோ' என்று போடலாம். நேரில் எல்லோரும் 'ஷிஸ்தா' என்றே கூப்பிடுவார்கள்.