ஏற்காட்டு மழையும் கைப்பேசியில் வந்த மண்சரிவும்

2024 ஜூலை 30 அன்று அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிலச்சரிவு நேர்ந்தபோது, அதன் காட்சிகள் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுவதும் வந்து குவிந்தன. பெரியவர்கள் பார்த்தோம், வருந்தினோம், அவரவர் வேலையைக் கவனிக்கப் போனோம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம், காப்பித் தோட்டத்தை ஒட்டிய சரிவில் வசிக்கும் என் தங்கையின் மகளுக்கு அது அத்துடன் முடியவில்லை. அப்போது மூன்றாம் வகுப்பில் படித்த அவள், மழை வலுக்கும் இரவுகளில் செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கத் தொடங்கினாள். காலையில் வயிறு வலிக்கிறது என்று பள்ளிக்குப் போக மறுத்தாள்.

ஒரே நிகழ்வைப் பலமுறை பார்க்கும் சிறு குழந்தைக்கு அது பலமுறை நடப்பதாகவே தோன்றக்கூடும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் கோபுரங்கள் இடிந்த காட்சி தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் ஓடியபோது, ஒவ்வொரு முறையும் வேறொரு கட்டடம் விழுவதாகவே சிறு பிள்ளைகள் எண்ணினார்கள் என்று அக்காலத்தில் எழுதப்பட்டது. அதற்கு முன், 1995இல் ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்த பிறகு, அங்கிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், அந்தச் சம்பவத்தோடு நேரடித் தொடர்பே இல்லாத பள்ளிப் பிள்ளைகளை ஆய்வு செய்தபோது, தொலைக்காட்சியில் அதை அதிகம் பார்த்தவர்களிடம் மன அதிர்ச்சியின் அறிகுறிகளும் அதிகமாகக் காணப்பட்டன. இன்றைய கைப்பேசியோ, குழந்தை ஒரு காட்சியில் சற்று நின்றுவிட்டால் அதே போன்ற பத்துக் காட்சிகளைத் தானாகவே கொண்டுவந்து தருகிறது. அவற்றில் எது பழையது, எது வேறு நாட்டில் எடுத்தது, எது கணினியில் உருவாக்கியது என்பது பெரியவர்களுக்கே விளங்குவதில்லை.

இத்தகைய நேரத்தில் கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடக்கிறது. அதனால் பயம் போவதில்லை. பார்த்ததைச் சொன்னால் தண்டனை கிடைக்கும் என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பார்த்தாய், அதில் எது மனத்தை விட்டுப் போகவில்லை என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருப்பதே முதல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் தங்கை மகளை அப்படிக் கேட்டபோது அவள் சேற்றைப் பற்றியோ இறந்தவர்களைப் பற்றியோ பேசவில்லை. "தூங்கறப்ப வந்துட்டா நம்மள யாரு எழுப்புவாங்க, பெரியம்மா?" என்றாள். செருப்பு ஏன் தலைமாட்டுக்கு வந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

"நம் ஊரில் அதெல்லாம் வராது" என்று சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். அதே ஆண்டு டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம்–ஏற்காடு மலைப்பாதையிலேயே மண் சரிந்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் இருந்த வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். மாறாக, கனமழை இரவில் அப்பா விழித்திருந்து வீட்டுக்குப் பின்னால் உள்ள ஓடையைப் பார்த்துவருவார், போகச் சொன்னால் எந்தப் பாதையில் யார் வீட்டுக்குப் போவோம், எடுத்துச் செல்லும் பை எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அவளுக்குக் காட்டினோம். பிறகு, இராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு சூரல்மலையில் 190 அடி நீள பெய்லி பாலத்தை (ஆயத்த இரும்புப் பகுதிகளை இணைத்து விரைவாக அமைக்கும் பாலம்) ஆகஸ்ட் 1 அன்று கட்டி முடித்ததையும், அந்தப் பணியில் முன்னின்ற மேஜர் சீதா ஷெல்கேயின் நிழற்படத்தையும் காட்டினேன். அந்தப் படத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு உடனே இடம் மாறவில்லை. ஆனால் வயிற்றுவலி குறைந்தது.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவைதான். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் காணொளிகள் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்திவிடலாம். யூடியூபில் அத்தகைய காணொளிகளுக்கு 'ஆர்வமில்லை' என்று குறித்து, பார்த்தவற்றின் பதிவையும் அழித்துவிட்டால் அவை வருவது குறையும். கூடத்தில் இடைவிடாமல் ஓடும் செய்திச் சேனலையும் நிறுத்த வேண்டும். இதைச் சொன்னால் தாத்தாக்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

தூக்கமின்மை, படுக்கையில் சிறுநீர் கழித்தல், தனியே இருக்க மறுத்தல் போன்றவை ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோருக்கு, மலையிறங்கிச் சேலம் அரசு மருத்துவமனைக்குப் போய்வருவது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். அவர்கள் முதலில் 14416 என்ற எண்ணை, அதாவது தொலைபேசி வழியே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் சேவையை அழைக்கலாம். இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசுகிறார்கள். யாரேனும் குழந்தையைக் குறிவைத்து ஆபாசமாகவோ மிரட்டும்படியாகவோ எதையாவது அனுப்பியிருந்தால், அதை வேறு எவருக்கும் பகிராமல் உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தெரிவிக்க வேண்டும்.